கென்றிக்கு ஒரு பூசை

பிரெசில்லாவுக்கு நண்டு உடைக்கத் தெரியாது என்று நான் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். வரட்டும். தராசு என் கையில் இருக்கிறது. மண்டபம் ஊருக்குச் சற்று முன்னால், ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வருகிற நண்டுக் கம்பெனியில் நான்தான் எடை போடுகிறேன். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை அலுங்காமல் எடுத்து டப்பாவில் அடைக்கிற வேலை. பெண்கள் அத்தனை பேரும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடத்துக் கடற்காரக் குடும்பங்கள். பெரியபட்டினத்து லாமியாவும் நானும் மட்டும்தான் வெளியாட்கள். எனக்குத் திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய்க்காடு. கனகலட்சுமி என்று பேர் வைத்தார்கள், கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது, தராசக்கா என்றால்தான் தெரியும்.

பிரெசில்லா எடுக்கிற சதையில் எப்போதும் ஓட்டுத்துண்டு கிடக்கும். சாப்பிடுகிறவன் பல்லில் கடிபட்டால் டப்பா திரும்பி வரும், திட்டு எனக்கு விழும். “கண்ண எங்கடி வச்சிருக்க” என்று கத்துவேன். சிரிப்பாள். கை நண்டில் இருக்கும், கண் பக்கத்தில் கிடக்கிற காகிதத்தில் இருக்கும். வடை மடித்த பேப்பர், மாத்திரைப் பட்டை, கல்யாணப் பத்திரிகை, எதையும் விடமாட்டாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். டீச்சர் ட்ரெயினிங் போக ஆசைப்பட்டாள், அதற்குள் கிளாட்சனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது மட்டும் அவளுக்கு மிச்சம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க நண்டோடு மல்லுக்கட்டுகிறாளோ என்று எனக்குத் தோன்றும்.

போன ஐப்பசியில் நண்டு முள் குத்தி அவளுக்கு விரல் பழுத்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வேலை செய்ய முடியாமல் மூலையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்.

“இங்கன என்ன லைப்ரரியா நடத்துறோம்?” என்றேன்.

“மனசுக்குள்ள படிச்சாத்தானக்கா தப்பு. சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, நாங்களும் கேக்கிறோம்” என்றாள் லாமியா.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் படிக்கப் படிக்க, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி சதையை அவள் தட்டில் போட்டார்கள். சாயங்காலம் அவள் தட்டும் எடைக்கு வந்தது. ஓட்டுத்துண்டே இல்லாத சதை. அவள் தட்டு அவ்வளவு சுத்தமாக என்னிடம் வந்தது அப்போதுதான். முதலாளிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டாம் நாள் நானே தராசை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் யாரிடம் போய்ச் சொல்ல.

ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் அவள் வாங்கியது அந்தப் புத்தகம். பனி பெய்கிற தேசத்துக் கதை, யாரோ தமிழில் மாற்றியிருந்தார்கள். ஏரிக்கரையில் ஒரு கிராமம். ஹென்றிக் என்று ஒருவன். குளிர்காலத்தில் ஏரி மொத்தமும் உறைந்து கட்டியாகிவிடும், அதன் மேலேயே நடந்துபோய், ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்குவார்களாம். அப்படி ஒரு நாள் கூட்டாளியோடு போனவன் திரும்பி வரவில்லை. கூட்டாளி மட்டும் வந்தான். பனி விரிசல் விட்டு ஹென்றிக் உள்ளே போய்விட்டான் என்றான். உடம்பு கிடைக்கவில்லை. அதற்கப்புறம் பொழுது சாயும் நேரத்தில், ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டு வாசலில் ஹென்றிக் வந்து நிற்கிறான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பேச்சில்லை. கதவைத் திறந்தால் ஆள் இல்லை, ஈரம் மட்டும் இருக்கிறது. அது தானாகச் செத்த சாவா, கொலையா என்று பார்க்க ஒரு போலீஸ்காரி வருகிறாள். முட்டுவலிக்காரி. எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது.

“ஐஸ உடைச்சு மீனுக்குப் போடுவோம். ஐஸ உடைச்சு மீன எடுப்பாகளா?” என்று லாமியா முதல் நாளே மறித்துக் கேட்டாள். எதிரே பெட்டியில் நண்டுக்குப் போட்ட ஐஸ் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. ஹென்றிக் இரண்டே நாளில் கென்றி ஆனான். கூட்டாளியின் பெயர் அதைவிட மோசம், அதனால் அவன் கூட்டாளிக்காரன் மட்டும்தான். அந்த ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் ‘தோள்களைக் குலுக்கினான்’ என்று வரும். “சளி பிடிச்சிருக்குமோ” என்று ஒருத்தி கேட்டாள். அப்புறம் கம்பெனியில் அதுவே பழக்கமாகிவிட்டது. டப்பா எங்கே என்று நான் கேட்டால் வரிசையாகத் தோளைக் குலுக்குவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், சிரிப்பும் வரும்.

பிரெசில்லா படித்ததோ கோயில் வாசகம் மாதிரி. ‘அப்பொழுது ஹென்றிக் வாசலில் நின்றான்’ என்று அவள் நிறுத்தும்போது உடம்பு சிலிர்க்கும். ஒரு அத்தியாயம் முடித்துப் புத்தகத்தை மூடினாள் என்றால், பூசை நினைப்பில் யாராவது ஒருத்தி “இறைவா உமக்கு நன்றி” என்று சொல்லிவிடுவாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அந்த நாட்களில் நாங்கள் யாரும் முழுசாக மண்டபத்தில் இல்லை. பெரிய அண்டாவில் நண்டு வெந்து ஆவி கிளம்பி ஷெட் முழுக்க நிறைந்து நிற்கும். எதிரே இருக்கிறவள் முகம் தெரியாது, தொப்பியும் கையும் மட்டும் தெரியும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து பிரெசில்லாவின் குரல் வரும். வெளியே மழை தூறும். மன்னார்க் கடல் அசையாமல் கிடக்கும், அதன் மேல் நடந்து போகலாம் போலிருக்கும். நான் பஸ்ஸில் திரும்பும்போது உப்பளம் பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடப்பதைப் பார்ப்பேன். அதில் ஒரு ஆள் நடந்து போனால் நெஞ்சு திக்கென்னும். உப்பு வாருகிறவன்தான். ஆனாலும் அவன் கரையேறும் வரை என்னால் கண்ணை எடுக்க முடியாது. வீட்டில் போய்ப் படுத்தால் எங்கள் மிளகாய்க்காட்டில் பனி பெய்யும். காய் ஒவ்வொன்றும் சிவப்பாக, மேலே வெள்ளையாக. குளிரில் எழுந்து போர்வை தேடியிருக்கிறேன். எங்கள் ஊரில் அது நம்ப முடியாத காரியம்.

மிக்கேலம்மாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஐம்பதைத் தாண்டியவள், அதிகம் பேசமாட்டாள். அவள் புருஷன் சூசைமுத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன்தான். சின்னப் படகு, இரண்டே பேர், சூசைமுத்துவும் பிரெசில்லாவின் புருஷன் கிளாட்சனும். திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்தது. மறுநாள் காலையில், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த கிளாட்சனை வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். “அண்ணன் கவுந்த ஒடனே கண்ணுல படல” என்றான். அவ்வளவுதான். உடம்பு ஒதுங்கவில்லை.

கண்ணில் படவில்லை என்றால் செத்துவிட்டதாக எப்படிச் சொல்வது? நீரோட்டம் இலங்கைப் பக்கம் இழுத்துப் போயிருக்கலாம். அங்கன ஏதாவது ஜெயிலில் கிடக்கலாம், நினைவு தப்பிக் கிடக்கலாம். மிக்கேலம்மாள் தாலியை எடுக்கவில்லை. கலர்ச் சேலைதான் கட்டினாள். அவர்களுக்குக் கார்த்திகைப் பக்கம் நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கான மாதம், செத்தவர்கள் பெயரைக் கொடுத்துப் பூசை வைப்பார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் கேட்பார்கள், சூசைமுத்து பேர் கொடுக்கலையா என்று. கொடுக்கமாட்டாள். கொடுத்தால் அவனை அவளே சாகடித்த மாதிரி. அவள் மகள் திட்டிப் பார்த்தாள், சாமியார் பதமாகச் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை.

கென்றி கதையை எங்கள் எல்லோரையும்விட உன்னிப்பாகக் கேட்டது அவள்தான். கென்றியின் பெண்டாட்டி தினமும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள் என்று வந்த இடத்தில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. மிக்கேலம்மாள் கை மட்டும் நிற்கவில்லை.

“மேல படி” என்றாள்.

செத்தவன் எதற்காக வந்து நிற்கிறான் என்று எங்களுக்குள் பெரிய தர்க்கம். “மய்யித்த அடக்கலைல்ல, அது அலையத்தான் செய்யும்” என்றாள் லாமியா. நான் கூட்டாளிக்காரனைத்தான் சந்தேகப்பட்டேன், வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். சொன்ன பிறகுதான், பிரெசில்லாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அவள் இன்னும் முடிவைப் படித்திருக்கவில்லை. அந்தச் சனி, ஞாயிறில் உட்கார்ந்து படித்து முடித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வெறும் கையோடு வந்தாள். விரல் கட்டைப் பிரித்துவிட்டு நண்டை எடுத்தாள்.

“புஸ்தகம் எங்கடி?”

“மழைல நனைஞ்சு போச்சுக்கா.”

எல்லோரும் கொதித்துப் போனார்கள். கென்றியை அந்தரத்தில் விட்டுவிட்டாளே என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். காய வை என்றார்கள், வேறு வாங்கு என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டுத்துண்டும் சதையுமாக அள்ளிப் போட்டாள். எனக்குப் பொய் சொன்னால் பிடிக்காது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

“உண்மையச் சொல்லு. நனையலல்ல?”

பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கூட்டாளிதான்க்கா. பக்கத்துல நின்னு அவனச் சாக விட்டிருக்கான். அத நான் எப்படி மிக்கேலக்கா முன்னாடி வாசிப்பேன்? எல்லாரும் எங்க வீட்டுக்காரரத்தான நினைப்பாக. அவுகளும் அப்படி நினைச்சிட்டா?”

“அது கதைடி.”

“அவுகளுக்கு அது கதை இல்லக்கா.”

இவளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததே மிக்கேலம்மாள்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் அவள் ஒரு நாள்கூட இவளிடம் முகம் கோணியதில்லை. கிளாட்சன்தான் அவள் வருகிற தெருவில் வராமல் சுற்றிப் போவான். பிரெசில்லா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். அன்றைக்கு நான் அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம்.

நவம்பர் வந்தது. ஷெட்டில் பேச்சே செத்துவிட்டது. கென்றி எங்கே நிற்கிறானோ என்ற நினைப்பு மட்டும் எல்லோருக்கும் இருந்தது. லாமியா, இறந்தவர்களுக்கு ஓதுகிற யாசீனை அவனுக்காக ஓதியதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். கார்த்திகை அமாவாசைக்குச் சேதுக்கரை போகிற எங்கள் வீட்டுக்காரரிடம், இன்னொரு பேருக்கும் சேர்த்து எள்ளுத்தண்ணீர் விடச் சொல்லலாமா என்று நானே யோசித்தேன். அய்யர் கோத்திரம் கேட்பாரே, பனி தேசத்துக்காரனுக்கு என்ன கோத்திரம் சொல்வது என்று விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். எங்களோடு அத்தனை நாள் உட்கார்ந்திருந்தவன் அவன்.

அடுத்து நடந்ததை பிரெசில்லா சொல்லித்தான் நான் அறிவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால், அன்றைக்கு யார் யார் ஆத்துமாவுக்காகப் பூசை என்று பெயர்களை வாசிப்பதும் அவள் வேலை. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சீட்டை நீட்ட, மைக் முன்னால் நின்று வாசித்துக்கொண்டே வந்திருக்கிறாள். அருளப்பன், செபஸ்தியம்மாள், லூர்துசாமி என்று வந்து, அதற்கடுத்து கென்றி.

பிரெசில்லா அதோடு நிறுத்திவிட்டாள். சாமியார், வெளிநாட்டு ஆள் பேரோ என்னவோ வாசிக்கத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, சீட்டை வாங்கி அவரே சத்தமாகச் சொன்னார், “கென்றி என்பவரின் ஆத்துமா இளைப்பாற.” சனம் மொத்தமும் மன்றாடியது. நம்மூர்ச் சனம் கேள்வி கேட்காது, செத்தவன் செத்தவன்தான். கம்பெனிப் பெண்கள் மட்டும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

பேர் கொடுத்தது மிக்கேலம்மாள். நான்கு வருஷமாகத் தன் புருஷன் பேரைக் கொடுக்காத மிக்கேலம்மாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிரெசில்லா அவளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அவரு நெசமான ஆளு இல்லக்கா. எழுதுனது.”

“தெரியும். நீ அவன வாசல்லயே நிப்பாட்டிட்டுப் போயிட்ட. எத்தன நாளைக்கு நனைஞ்சுக்கிட்டு நிப்பான்? அவனுக்குனு யாரு இருக்கா.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பிச் சொன்னாளாம், “நாளைக்குப் புஸ்தகத்த எடுத்துட்டு வா. நனையலனு எனக்குத் தெரியும்.”

திங்கட்கிழமை புத்தகம் வந்தது. விரல் ஆறிவிட்டது, ஆனாலும் யாரும் சொல்லாமலே அவள் தட்டில் சதை விழத் தொடங்கியது. ஆவி அன்றைக்கு ரொம்ப அடர்த்தி. பிரெசில்லா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? தோளைக் குலுக்கினேன், வேண்டுமென்றே இல்லை, தானாக வந்துவிட்டது.

அவள் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். முட்டுவலிக்காரப் போலீஸ்காரி, வாசல் வாசலாகக் கிடந்த ஈரத்தைத் தொடர்ந்து கூட்டாளிக்காரன் வீட்டுக்கு வருகிறாள். அவன் சொல்கிறான். பனி உடைந்தது நிஜம். தள்ளவில்லை, அடிக்கவில்லை. கென்றி தண்ணீருக்குள்ளிருந்து கையை நீட்டினான். ‘நான் என் கைகளைக் கோட்டுப் பைகளிலிருந்து வெளியே எடுக்கவில்லை’ என்று அவன் சொன்ன இடத்தில் பிரெசில்லாவின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். யாரும் இறைவா உமக்கு நன்றி சொல்லவில்லை.

யாரும் மிக்கேலம்மாளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் கையில் இருந்த நண்டைத் தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள்.

“கிளாட்சன் கை குடுத்தானா?” என்றாள்.

நான்கு வருஷமாக அவள் யாரிடமும் கேட்காத கேள்வி. பிரெசில்லா புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன்.

“குடுத்தாருக்கா” என்றாள். “கண்ணுல படலனு சொன்னது பொய்யிக்கா. ஒரு கையில படகு, ஒரு கையில அண்ணன். ராத்திரி பூரா பிடிச்சுக்கிட்டுத்தான் கெடந்திருக்காரு. அண்ணன் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாராம். அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. அதுக்கப்புறமும் விடல. விடியிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கை மரத்துப் போயி, தன்னால விட்டிருச்சுக்கா. ஏன்டா விட்டனு நீங்க கேட்டா என்ன சொல்லனு அவரு அழுது தீத்தாரு. அதான் பாக்கலனே சொல்லிட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். நீங்க தெனம் வழியப் பாக்குறது தெரிஞ்சும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

நான் மிக்கேலம்மாள் அவளை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அடித்திருப்பேன். அவள் எழுந்தாள். ஆவிக்குள் அவள் நிற்பது கலங்கலாகத் தெரிந்தது.

“என்ன பேசுனாராம்?” என்று கேட்டாள்.

“மகளப் பத்தித்தான். ஒங்க மீன்கொழம்பப் பத்தியும்.”

மிக்கேலம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி மடித்தாள். நேரே வெளியே நடந்தாள், யாரும் தடுக்கவில்லை, நாங்களும் பின்னாலேயே போனோம். வேலை நேரம் முடிந்திருந்தது. பிரெசில்லாவைக் கூட்டிப்போக கிளாட்சன் வந்து, வருகிற நாட்களில் எப்போதும் செய்கிற மாதிரி ரோட்டோரத்தில் தள்ளி பைக்கை நிறுத்தியிருந்தான். மிக்கேலம்மாள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் இறங்கி நின்றான். ஓடிவிடுவான் போல இருந்தது.

அவன் முன்னால் போய் நின்றாள். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“எந்தக் கை?”

அவனுக்குப் புரியவில்லை. பிரெசில்லாவைப் பார்த்தான். அப்புறம் புரிந்தது. வலது கையை நீட்டினான். மிக்கேலம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனிகிற மாதிரி குனிந்து, உள்ளங்கையில் முத்தி செய்தாள்.

“கடைசி வரைக்கும் அந்த மனுசன் தனியா கெடக்கலல்ல” என்றாள். “இத எங்கிட்ட சொல்றதுக்கா இத்தன வருசம்?”

கிளாட்சன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் கையை விடவில்லை.